கொட்டிலின் தரை: ஒரு துறைமுக ஊர்க் குறிப்பு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மூத்த மகன், உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் கார்க் கொட்டிலுக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "அப்பா, இந்தத் தரையை உடைச்சுப்போட்டு வடிவா ஒண்டு போடுவம். இல்லாட்டி மேலை ஏதாவது பூசி மூடுவம்."

அவன் சொன்னதில் பிழையில்லை. தரை கறுத்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு வெடிப்பு. ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. என்ஜின் நிற்கும் இடத்தில் பழைய எண்ணெய்க் கறை. கடைகளில் இன்று தெரிவுகளுக்குக் குறைவில்லை. எப்பொக்சிப் பூச்சு, பீங்கான் ஓடு, இறப்பர் விரிப்பு, கொங்கிறீட் பூட்டுக்கல் என்று பட்டியல் நீள்கிறது. எது நீடிக்கும் என்பதுதான் கேள்வி. பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவனுக்கு, ஒரு கேள்வி எழுந்தால் அதன் பழைய கோப்பைத் தேடும் பழக்கம் போவதில்லை. இந்தத் துறைமுகத்தைச் சுற்றி எந்தத் தரை நீடித்தது, எது அழிந்தது என்று தேடத் தொடங்கினேன். கொட்டிலின் தரைக்கும் இவ்வூரின் வரலாற்றுக்கும் உள்ள உறவு நான் எண்ணியதைவிட நெருக்கமானதாக இருந்தது.

வண்டில் கொட்டில்

காருக்கு முன் வண்டில் இருந்தது. வண்டில் கொட்டிலின் தரை மண்தரை. புற்றுமண்ணும் களியும் குழைத்துப் பரப்பி, நீர் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, சாணத்தால் மெழுகுவார்கள். இதை இன்று ஏளனமாகப் பார்க்கிறோம். ஆனால் இரும்புப் பட்டம் போட்ட சில்லு ஏறி இறங்கும் இடத்துக்கு அது பொருத்தமான தரை. பள்ளம் விழுந்தால் மறுநாள் காலையில் ஒரு கூடை மண்ணால் நிரப்பலாம். அச்சில் இட்ட மசகு சொட்டினால் மண் அதைக் குடித்துவிடும். அந்தப் பிடி மண்ணை அள்ளி எறிந்துவிடலாம். நிலத்திலிருந்து மேலே வரும் ஈரமும் தடையின்றி வெளியேறிவிடும். அத்தரை நீடித்து நின்றதற்குக் காரணம் அதன் வலிமையன்று, பழுதுபார்ப்பதன் இலகுவே.

கல்லும் சுண்ணாம்பும் கோயிலுக்கும் கோட்டைக்கும் உரியவையாக இருந்தன. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795இல் பிரித்தானியர் வந்தனர். 1803இல் அது பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. கோயிற் கற்களில் ஒன்று தமிழ் எழுத்துகளோடும் இணைக்கயல் உருவத்தோடும் கோட்டை வாயிலில் பதிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். இடித்தவர்களும் அந்தக் கல்லை வீசிவிடவில்லை. கட்டடத்துக்குப் பயன்படும் என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல பொருள் தன்னைக் கொண்டுவந்தவர்களைவிட நீண்ட காலம் இருக்கிறது என்பதை இவ்வூரில் பிறந்தவன் சிறுவயதிலேயே கண்டுகொள்கிறான்.

எண்ணெய் வந்த காலம்

தரையின் கதையில் பெரிய திருப்பம் எண்ணெயோடு வந்தது. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியபோது, உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான இது எரிபொருள் களஞ்சியமாயிற்று. சீனக்குடாவின் காட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட உருக்குக் குதங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளக்கூடியது. அருகே விமானத் தளம். குடாவின் மறுபுறத்தில் கடற்படைப் பட்டறைகள்.

1942 ஏப்பிரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் விமானத் தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் குதமொன்றின் மீது விழுந்தது. எண்ணெய் நாட்கணக்காக எரிந்தது. உருகி வளைந்த அதன் உருக்குத் தகடுகளைப் பிற்காலத்தில் செய்தி சேகரிக்கச் சென்றபோது நானும் பார்த்திருக்கிறேன். அதே நாளில்தான் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. தாக்குதலின்போது அது துறைமுகத்துள் அகப்படாதிருக்கவேண்டும் என்றே முதல்நாள் இரவு இங்கிருந்து வெளியே அனுப்பியிருந்தனர்.

இந்தப் போர்க்காலப் பொறியியலில் கார்க் கொட்டில் வைத்திருப்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. ஓடுபாதையைத் தாரால் போடலாம். ஆனால் விமானம் நின்று எரிபொருள் நிரப்பும் இடத்தைக் கொங்கிறீட்டால் போடுவதே உலகெங்கும் உள்ள வழக்கம். காரணம் எளிது. தாரும் பெற்றோலியத்தின் பிள்ளைதான். பெற்றோலோ டீசலோ சொட்டினால் தார் தாயைக் கண்ட பிள்ளைபோல் இளகிவிடும். சீமெந்தில் எண்ணெய் ஊறும், கறை படியும். ஆனால் அது கரையாது. வீதியில் தார் நன்றாக இருக்கிறதே என்று கொட்டிலுக்குள்ளும் தார் போட்டவர்களை நான் அறிவேன். இரண்டு ஆண்டுகளில் என்ஜினுக்குக் கீழே களியைத்தான் கண்டார்கள்.

அவசரத்துக்கு அமெரிக்கர்கள் வேறொரு வழி கண்டிருந்தார்கள். துளையிட்ட உருக்குத் தகடுகளை ஒன்றோடொன்று கொளுவி, மண்ணின் மீதே ஓடுபாதை விரித்தார்கள். பத்து அடி நீளம், பதினைந்து அங்குல அகலம், அறுபத்தாறு இறாத்தல் எடை கொண்ட அத்தகடு, 1941இல் பரிசோதிக்கப்பட்ட ஊரின் பெயரால் 'மார்ஸ்ற்றன் விரிப்பு' எனப்பட்டது. சில நாட்களில் ஒரு விமானத் தளத்தை ஆயத்தப்படுத்த அது போதும். ஆனால் அது விரிப்பே தவிரத் தரையன்று. கீழேயுள்ள மண் இளகினால் விரிப்பும் அமிழும். போர் முடிந்தபின் அத்தகடுகள் உலகின் பல நாடுகளில் வேலியாயின. இன்று கடைகளில் சுருள்சுருளாக விற்கும் விரிப்புகளைக் காணும்போதெல்லாம் அந்தத் தகடுகள் என் நினைவுக்கு வருகின்றன.

1961

என் தந்தையார் கடற்படைப் பட்டறையின் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். 1957இல் பிரித்தானியர் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் இலங்கையிடம் கையளித்துச் சென்றபோது பலருடைய வேலையும் அவர்களோடு போயிற்று. தந்தையாருக்கு எஞ்சியது சிறு சேமிப்பும், பட்டறையில் பார்த்துப் பழகிய சில பாடங்களும். சில ஆண்டுகளின் பின் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். அதற்காக 1961இல் கட்டியதுதான் இந்தக் கொட்டில்.

அக்காலத்து வழக்கப்படி வீட்டு விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து. இரும்பு ஒட்சைட்டுத் தூள் கலந்து, கரண்டியால் மினுக்கி, தேங்காய்ப் பாதியால் தேய்த்துப் பளபளக்க வைத்த தரை அது. கொட்டிலுக்கும் அப்படியே போடலாம் என்று மேசன் சொன்னாராம். தந்தையார் மறுத்துவிட்டார். மினுக்கிய தரையில் மழைநாளில் சில்லு வழுக்கும். மேற்பூச்சு மெல்லியது, பாரம் பட்டால் தகடு தகடாகக் கழரும் என்பது அவர் கட்சி. ஆகவே மண்ணை இறுக்கி, கல்லுச்சல்லி பரப்பி, அதன்மேல் நான்கு அங்குலக் கொங்கிறீட். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சல்லி நான்கு. சீமெந்து காங்கேசன்துறையில் உற்பத்தியானது; அங்கே 1950இல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியிருந்தது. மணலைக் கடற்கரையிலிருந்து அள்ள அவர் அனுமதிக்கவில்லை. உப்பு மணல் மலிவு, ஆனால் அது கட்டடத்தை உள்ளேயிருந்து தின்னும் என்பார்.

அது கச்சான் வீசும் காலம். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று, போட்ட கொங்கிறீட்டின் நீரை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். மேற்பரப்பில் சிலந்தி வலைபோல வெடிப்பு விழும். ஆகவே விடியற்காலையில் வேலையை முடித்து, நனைத்த சாக்குகளால் மூடி, ஏழு நாள் இரவு பகலாக எங்களைக் கொண்டு தண்ணீர் தெளிப்பித்தார். ஒரு மாதம் காரை உள்ளே விடவில்லை. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு சேர்ந்து இறுகுகிறது. இருபத்தெட்டு நாள் சென்றபின்பே அதன் வலிமையை அளக்கிறார்கள் என்ற இரசாயனத்தைப் பின்னாளில்தான் படித்தேன். அன்று அதை ஒரு தண்டனையாகவே கருதினேன். வேலை முடிந்த அன்று மேசன் ஈரச் சீமெந்தில் ஓர் ஆணியால் '1961' என்று கீறிவைத்தார்.

1964 டிசம்பர்ச் சூறாவளி கூரையைக் கொண்டுபோயிற்று. தரை அசையவில்லை.

சீமெந்து அரசியலான காலம்

காங்கேசன்துறையில் தொழிற்சாலை அமைந்ததற்குக் காரணம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல். திருகோணமலையில் அக்கல் இல்லை. ஆனால் ஆழமான துறைமுகம் இருந்தது. கப்பலில் கிளிங்கரைக் கொண்டுவந்து இங்கேயே அரைத்துச் சீமெந்தாக்கலாம் என்ற கணக்கில்தான் ஏ. வை. எஸ். ஞானம் ஜப்பானியப் பங்காளிகளோடு 1982இல் ரோக்கியோ சீமெந்து நிறுவனத்தைத் தொடங்கினார்; 1984இல் ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. 1990இல் காங்கேசன்துறை ஆலை யுத்தத்தால் நின்றுபோனது. அதன்பின் விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குச் சீமெந்து கொண்டுசெல்வது பல ஆண்டுகள் தடுக்கப்பட்டிருந்தது. பதுங்குகுழி கட்டுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். நடைமுறையில் கிணற்றுக் கட்டும் பள்ளிக்கூடத் தரையும் கட்டப்படாமற் போயின. குடாவின் இக்கரையில் ஆலை இரவு பகலாகச் சீமெந்து அரைத்தது. அக்கரையில், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், சீமெந்துப் பை அரிய பொருளாயிற்று. 2002 யுத்தநிறுத்தத்தின் பின்னரே நிலைமை தளர்ந்தது.

1990இல் நாங்களும் வீட்டை விட்டு வெளியேறினோம். 2003இல் திரும்பிவந்தபோது வீடு என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஓடு, கதவு, யன்னல், வளை எல்லாம் போயிருந்தன. சுவர்கள் இடுப்பளவில் நின்றன. காணி முழுவதும் நாயுருவியும் முட்செடியும். உறுதி தொலைந்துவிட்டது, எஞ்சியது ஒரு பழைய நில அளவைப் படத்தின் பிரதி மட்டுமே. எல்லை வேலிகள் மறைந்திருந்தன. அயற்காணிக்காரர்களும் ஊரில் இல்லை. நில அளவையாளர் படத்தை விரித்து, "இதில் குறித்த கட்டடம் ஏதாவது எஞ்சியிருக்கிறதா?" என்று கேட்டார். பற்றையை வெட்டினோம். கொட்டிலின் தரை வெளிப்பட்டது. ஆணியால் கீறிய '1961' அப்படியே இருந்தது. அந்தத் தரையின் மூலையிலிருந்துதான் சங்கிலி பிடித்து நான்கு எல்லையையும் அளந்தார்கள். என் தந்தையார் எனக்கு விட்டுச்சென்ற உறுதி அதுவே என்று அன்று எண்ணிக்கொண்டேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2006 ஏப்பிரலில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது ஊர் அடுத்த ஆண்டு உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது நான் அங்கே போயிருந்தேன். வீடுகள் தரைமட்டமாகியிருந்தன. ஒரு வயோதிபத் தாய் காட்டுக்குள் கண்டெடுத்த ஒரு சீமெந்துத் துண்டத்தை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். சுவரில்லை, கூரையில்லை. "இது எங்கட குசினி, தம்பி" என்றார். செய்தியில் எத்தனை ஏக்கர் விடுவிக்கப்பட்டது என்று எழுதினேன். அந்த விளக்குமாற்றை எழுத மறந்தேன்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

மகனுக்கு நான் சொன்ன பதில் இந்த வரலாற்றோடு முடியவில்லை. உணர்ச்சிக்காக ஒரு பழுதான தரையைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று அவன் எண்ணக்கூடாது. ஆகவே தொழில்நுட்பக் கணக்கையும் பார்த்தோம்.

அவன் வாழும் நாட்டில் குளிர்காலத்தில் வீதிப் பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். சில்லோடு வரும் உப்புநீர் கொட்டிலின் தரையில் சொட்டிக் கொங்கிறீட்டை அரிக்கிறது. அங்கே உப்பு மேலிருந்து வருகிறது. ஆகவே நீர் புகாத எப்பொக்சிப் போர்வை அங்கே பொருத்தமானது. இங்கே உப்பு கீழிருந்து வருகிறது. ஊரின் பெயரே உப்புவெளி! வாடைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது ஈரமும் அதோடு கரைந்த உப்பும் கொங்கிறீட்டின் நுண்துளைகள் வழியே மேலேறுகின்றன. 2004 ஆழிப்பேரலை புகுந்து வற்றியபின் பல மாதங்கள் தரையில் வெள்ளை பூத்துக்கொண்டேயிருந்தது. பூச்சில்லாத தரையானபடியால் அதைக் கழுவிக் கழுவி ஓட்ட முடிந்தது.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். 2013இல் ஒருவர் வந்து பளபளப்பான எப்பொக்சி பூசித் தந்தார். இரண்டாவது வாடைக்குள் கொப்புளம் கிளம்பியது. ஓடிக் களைத்து வந்த காரின் சூடான சில்லுகள் நின்ற இடத்தில் பூச்சு சில்லோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. உரிந்த தோலுக்கு அடியில் வெண்ணிறத் தூள். பூச்சின் மீது குற்றமில்லை. கீழே ஈரம் இருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க இலகுவான வழியுண்டு. பதினெட்டு அங்குலச் சதுரப் பொலித்தீன் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, பதினாறு மணி நேரம் விட்டுவிட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர் முத்து இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, அந்தத் தரை போர்வையை ஏற்காது. மகன் தன் கையாலேயே ஒட்டினான். மறுநாள் காலை தாளின் அடியில் முத்து முத்தாக நீர்.

பீங்கான் ஓட்டையும் பரிசீலித்தோம். ஓட்டின் கீழே முழுவதும் சாந்து நிரம்பாவிட்டால் உள்ளே வெற்றிடம் நிற்கும். காரை உயர்த்தும் 'ஜக்' அந்த இடத்தில் ஊன்றினால் வெடிக்கும். இறப்பர் விரிப்பு ஈரத்தை அடியில் சிறைப்பிடிக்கும். பூட்டுக்கல் நல்லது. இடுக்குகள் வழியே ஈரம் வெளியேறும். எண்ணெய் பட்ட கல்லை மட்டும் கழற்றி மாற்றலாம். பழைய வண்டில் கொட்டிலின் அறம் அதில் இருக்கிறது. ஆனால் அதற்குத் தரையை உடைக்க வேண்டும்.

இறுதியில் எடுத்த முடிவு இது. 1961ஆம் ஆண்டுத் தரையை உடைப்பதில்லை, மூடுவதுமில்லை. எண்ணெய்க் கறையைச் சோடாவும் தூரிகையும் கொண்டு கழுவி, வெடிப்பை V வடிவில் வெட்டி நிரப்பி, பெயர்ந்த மூலையை மட்டும் செதுக்கி எடுத்துப் புதிதாகக் கட்டுவது. நன்றாகக் காய்ந்த கோடையில், நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலை ஊறவிடுவது. அது தோலாகப் படிவதில்லை. உள்ளே புகுந்து சீமெந்திலுள்ள சுண்ணத்தோடு சேர்ந்து துளைகளை ஒடுக்கி மேற்பரப்பை இறுக்குகிறது. ஈரம் ஆவியாக வெளியேறவும் விடுகிறது. என்ஜின் நிற்கும் இடத்தில் மணல் பரப்பிய ஒரு தகரத் தட்டு. முன்பக்கத்தில் புதிதாக நீட்டும் எட்டு அடிக்கு மட்டும் இறுக்கிய சல்லி, அதன்மேல் தடித்த பொலித்தீன், நான்கு அங்குலக் கொங்கிறீட், வாசலை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு. பழைய தரையோடு ஒட்டாமல் நடுவே ஒரு விரிவிடைவெளி. 1961இல் பொலித்தீன் விரிக்கும் வழக்கம் இங்கே இருக்கவில்லை. தந்தையாருக்குத் தெரிந்திருந்தால் விரித்திருப்பார்.

சென்ற வாரம் புதிய பகுதியைப் போட்டு முடித்தோம். கச்சான் கடுமையாக வீசியபடியால் விடியற்காலை ஐந்து மணிக்கே வேலையைத் தொடங்கினோம். இப்போது நனைத்த சாக்குகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு என் பேரனுடையது. அவனும் அதைத் தண்டனையாகவே கருதுகிறான் என்பது முகத்தில் தெரிகிறது. மேசன் போகும்போது, சாக்கை விரிப்பதற்கு முன், அவனிடம் ஓர் ஆணியைக் கொடுத்து ஆண்டைக் கீறச் சொன்னேன். எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். பரவாயில்லை, வாசிக்க முடிகிறது.